முற்றமில்லா வீடும் ஹைப்ரிட் காரும்

கொச்சி மட்டாஞ்சேரியில் பழைய வீடுகள் பல தெருவை ஒட்டியே நிற்கின்றன. கார் நிறுத்த முற்றம் கிடையாது. அத்தகைய வீட்டினர் ‘பிளக்-இன் ஹைப்ரிட்’ கார் வாங்கலாமா?

இக்காரில் பெட்ரோல் எஞ்சினும், வெளியிலிருந்து மின்சாரம் ஏற்றிக்கொள்ளும் பாட்டரியும் உண்டு. மின்சாரம் ஏற்றாவிட்டாலும் பெட்ரோலில் ஓடும். ஆகவே குறையொன்றும் தோன்றாது. தீங்கு அங்கேதான் பிறக்கிறது. தீர்ந்துபோன பாட்டரியின் பாரத்தையும் எஞ்சினே சுமக்கிறது. இவ்வகைக் கார்கள் சாலையில் வெளியிடும் கரியமில வாயு, சோதனைச்சாலைக் கணக்கைப் போல் சராசரி 3.5 மடங்கு என்று ஐரோப்பியக் கமிஷன் 2024-இல் அறிவித்தது. எதிர்பார்த்தபடி அடிக்கடி மின்சாரம் ஏற்றாமையே முதற்காரணம்.

வழி யாது? 2023-இல் தொடங்கி, 2025-இல் மட்டாஞ்சேரியையும் எட்டிய வாட்டர் மெட்ரோப் படகைக் காண்க. அதுவும் ஹைப்ரிட்தான், பாட்டரிக்குத் துணையாக டீசல் ஜெனரேட்டர் உண்டு. மின்சாரத்திற்கென அது தனியே அலைவதில்லை. தான் நிற்கும் துறையிலேயே 10, 15 நிமிடங்களில் பெற்றுக்கொள்கிறது.

காருக்கு அவ்வேகம் இல்லை. 12 யூனிட் பாட்டரியை 3 கிலோவாட் இணைப்பில் நிரப்ப 4 மணி நேரத்துக்கு மேலாகும். ஆகவே அலுவலகத்திலோ கடையிலோ, வண்டி நாள்தோறும் நெடுநேரம் நிற்குமிடத்தில் மின்னிணைப்பு உண்டா என்று முதலில் அறிந்துகொள்ளுங்கள். உண்டெனில் வாங்கலாம். இல்லையெனில், பிரேக் பிடிக்கையில் வீணாகும் ஆற்றலையே மின்சாரமாக்கிச் சேமிக்கும் சாதாரண ஹைப்ரிட் கார் போதும்.

சன்னல் வழியே தெருவுக்குக் கம்பி இழுப்பது மட்டும் வேண்டாம். கொச்சியின் மழைக்காலத்தில் அது உயிருக்கே உலையாகும்.