யூதத் திரைப்பட விழாக்களும் ஒலுவில் கரையின் நினைவுகளும்

அம்பாறைக் கரையோரத்தில் 'யூதர்' என்ற சொல் இன்று பெரும்பாலும் இரு வழிகளிலேயே நம் காதுக்கு எட்டுகிறது. ஒன்று காஸாவின் அவலச் செய்தி, மற்றையது அறுகம்குடா. 2024 ஒக்டோபரில் அங்கு தாக்குதல் அபாயம் இருப்பதாக அமெரிக்கத் தூதரகம் எச்சரித்ததும், இஸ்ரேல் தன் பிரஜைகளை வெளியேறுமாறு கேட்டுக்கொண்டதும் எவருக்கும் மறந்திராது. இந்நிலையில் யூதத் திரைப்பட விழா பற்றி எழுதுவது சிலருக்கு முகச்சுளிப்பை ஏற்படுத்தக்கூடும். எனினும் ஓர் அரசின் செயலும் ஒரு சமூகத்தின் பண்பாடும் ஒன்றல்ல என்பதை, நாமே பலமுறை பிறருக்கு எடுத்துரைக்க வேண்டியிருந்தது அல்லவா?

இத்தகைய விழாக்களுள் மிகப் பழையது சான் பிரான்சிஸ்கோ நகரில் 1980ஆம் ஆண்டு டெபோரா கௌப்மன் என்ற பெண்மணியால் தொடங்கப்பட்டது. ஹொலிவூட் காட்டிய வார்ப்புருவான யூதருக்கு மாறாக, யூதர் தம்மைத் தாமே எடுத்த சுயாதீனப் படங்களைத் திரையிடுவதே அதன் நோக்கமாக இருந்தது. இன்று உலகின் பல நகரங்களில் இவ்வாறான விழாக்கள் நடைபெறுகின்றன.

பழைய படங்களின் பெறுமதி இங்கேதான் புலப்படுகிறது. 1937இல் போலந்தில் 'திப்புக்' என்ற படம் யித்திஷ் மொழியில் எடுக்கப்பட்டது. இரண்டே ஆண்டுகளில் ஜேர்மன் படைகள் அந்நாட்டினுள் நுழைந்தன. அந்த மொழியைப் பேசிய ஊர்கள் அடியோடு அழிக்கப்பட்டன. திருமணச் சடங்கும் தொழுகைக் கூடமும் பிச்சைக்காரரின் ஆட்டமும் படச்சுருளில் மட்டும் எஞ்சின.

நமது பிராந்தியமும் இவ்வரலாற்றுக்குப் புறம்பானதன்று. 1931இல் வெளிவந்த இந்தியாவின் முதல் பேசும் படமான 'ஆலம் ஆரா'வின் கதையை எழுதிய ஜோசப் டேவிட், பம்பாயின் பெனே இஸ்ரேல் யூதர். குடும்பப் பெண்கள் நடிக்கத் தயங்கிய காலத்தில் சுலோச்சனா என்ற பெயரில் புகழ்பெற்ற ரூபி மையர்ஸும், 1947இல் இந்திய அழகியாகத் தெரிவான பிரமிளாவும் யூதப் பெண்களே. பிரமிளா மணந்தது குமார் என்ற முஸ்லிம் நடிகரை. 'ஷாலோம் பொலிவூட்' என்ற 2017ஆம் ஆண்டு ஆவணப்படம் இவர்களை மீண்டும் நினைவுக்குக் கொணர்ந்தது. இலங்கை மன்னனின் பதினாறு ஆலோசகர்களுள் நால்வர் முஸ்லிம்கள், நால்வர் யூதர் என 12ஆம் நூற்றாண்டிலேயே அல்-இத்ரீஸி எழுதி வைத்திருப்பதும் கவனத்திற்குரியது.

இவ்விழாக்கள் வெறும் புகழ்மாலைகளும் அல்ல. காஸாவில் இஸ்ரேலிய இராணுவ புல்டோசரால் உயிரிழந்த ரேச்சல் கொரி பற்றி சிமோன் பிட்டன் எடுத்த படத்தை 2009இல் சான் பிரான்சிஸ்கோ விழா திரையிட்டபோது, யூத சமூகத்தினுள்ளேயே கடும் எதிர்ப்பு எழுந்தது. ஆயினும் படம் காட்டப்பட்டது. தன்னோடு தானே வாதிடும் மேடையை அச்சமூகம் வைத்திருக்கிறது என்பதையே நாம் இங்கு சுட்ட விரும்புகிறோம்.

ஒலுவிலுக்கு அத்தகையதொரு மேடை ஏன் கூடாது? மர்ஹூம் அஷ்ரஃப் கண்ட கனவான துறைமுகம், டென்மார்க்கின் நிதியுதவியுடன் கட்டப்பட்டு 2013 செப்டெம்பரில் திறந்துவைக்கப்பட்டது. அதன் அலைதடுப்புச் சுவர்கள் மணலின் இயல்பான நகர்வை மறித்தன. வாயில் மணல் அடைத்தது, படகுகள் சிக்கின, வடபுறத்தே தென்னந்தோட்டங்களைக் கடல் விழுங்கியது. காணி இழந்தவரும் வலை இழந்தவரும் இன்னும் நம்மிடையே உள்ளனர். குடிவழி மரைக்காயர் முறை, மகளுக்கு வீடு கொடுக்கும் வழக்கம், வயல்வெளிக் கவிகள், பக்கீர் பைத், மருதமுனை நெசவு, 2004 ஆழிப்பேரலை என்று சொல்வதற்கு எவ்வளவோ உண்டு. இவற்றைப் பிறர் வந்து படமாக்கும்வரை காத்திருப்பதா?

துறைமுகத்திற்கு அண்மையிலேயே தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. மண்டபமும் மாணவரும் அங்குண்டு. ஒலிப்பதிவு செய்யப்படவேண்டிய முதியோர் கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் நிந்தவூரிலும் இருக்கின்றனர். சினிமா என்றதும் தயங்கும் உலமாக்களையும் அழைத்துப் பேசி, முதலாண்டில் நான்கைந்து குறும்படங்களுடன் தொடங்கினாலே போதும்.