நண்பர் தோட்டத்துப் பழமும் நம் கடைப் பலகையும்

நம் உறுப்பினர்களில் பலருக்கும் கிராமத்தில் ஒரு தோட்டக்கார நண்பர் இருப்பார். கூடப் படித்தவராக இருக்கலாம். மண்டிக்குச் சரக்கு அனுப்பி அனுப்பியே சிநேகமானவராகவும் இருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு போனால் கிணற்று மேட்டு நிழலில் உட்கார வைத்து, மரத்தில் பழுத்த கொய்யாவை அறுத்து உப்பு மிளகாய்த் தூளோடு தருவார். கிளம்பும்போது கேட்காமலே ஒரு சாக்கு வண்டியில் ஏறியிருக்கும். "மருந்தே அடிக்கிறதில்லண்ணே, பிள்ளைகளுக்குக் குடுங்க" என்று வீட்டம்மா சொல்லி அனுப்புவார்.

இது வரை விருந்து. மறுநாள் அதே தோட்டத்திலிருந்து பத்து பெட்டி வரவழைத்து, கடை வாசலில் "இயற்கைப் பழம்" என்று பலகை வைத்தால் அது வணிகம். நண்பர் நம்மிடம் சொன்னதை, முகம் தெரியாத வாடிக்கையாளரிடம் நாம் நம் பெயரில் சொல்கிறோம். அதை எந்த ஆதாரத்தில் சொல்லலாம் என்பதை விளக்கவே இக்கட்டுரை.

குஜிலியம்பாறைப் பக்கம் வானம் பார்த்த பூமி. திண்டுக்கல்லிலிருந்து எரியோடு, பாளையம் வழியாகக் கரூர் போகும் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்தாலே தெரியும். இப்படிப்பட்ட மண்ணில் கொய்யா, சப்போட்டா, நெல்லி, எலுமிச்சை போன்று வறட்சி தாங்கும் மரங்களே குடும்பத்தைக் காப்பாற்றும். கூலி ஆள் குறைவு. கணவனும் மனைவியும் பெரியவர்களும் சேர்ந்தே பார்க்கிறார்கள். இரண்டு மாடு, நாலு ஆடு இருந்தால் எருவும் கோமியமும் வீட்டிலேயே கிடைத்துவிடும். மாவட்ட எல்லையைத் தாண்டினால் கரூர் மாவட்டம் கடவூர். இயற்கை வேளாண்மைக்காக ஊர் ஊராக நடந்த கோ. நம்மாழ்வார் (1938–2013) 'வானகம்' பண்ணையை அமைத்தது அங்கேதான்.

நம் மாவட்டத்துக்கு இது புதுச் சங்கதியும் அல்ல. சிறுமலை வாழை மர நிழலில், மலை மண்ணின் வளத்திலேயே விளைந்து பெயர் வாங்கியது. முடிக்கொத்து நோய் அந்தத் தோட்டங்களைப் பெருமளவு அழித்த பிறகும் பெயர் நிலைத்து, புவிசார் குறியீடும் கிடைத்தது. பெயருக்கு விலை உண்டு என்று நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. அந்தப் பெயரைக் காப்பாற்றும் பொறுப்பு விற்பவனுக்கும் உண்டு.

தோட்டத்துக்குப் போகும்போது விருந்தாளியாகப் பழம் தின்றுவிட்டு, வியாபாரியாக ஒரு சுற்று நடந்து வாருங்கள். நண்பர் கோபித்துக்கொள்ள மாட்டார். உண்மையாகச் செய்பவருக்குக் காட்டுவதில் பெருமைதான். மரத்தடியில் சருகு மூடாக்கு கிடக்கிறதா, அதைக் கிளறினால் மண்புழு எச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். வரப்புப் புல் அரிவாளால் அறுத்ததா, அல்லது ஒரே சீராக மஞ்சளாய்க் கருகி நிற்கிறதா? கருகி நின்றால் களைக்கொல்லி அடித்திருக்க வாய்ப்புண்டு. மோட்டார் ரூமுக்குப் பின்னால் காலி டப்பாக்கள் கிடந்தால் அதில் ஒட்டியுள்ள சீட்டைப் படியுங்கள். பக்கத்துக் காட்டுக்காரர் அடிக்கும் மருந்து காற்றில் இங்கே வராமலிருக்க உயிர்வேலியோ இடைவெளியோ உண்டா என்றும் கேளுங்கள். குடும்பத்தார் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் இந்த ஒன்று அவர்கள் கையில் மட்டும் இல்லை.

கொய்யாவுக்குப் பெரிய எதிரி பழ ஈ. மருந்து அடிக்காதவர் இனக்கவர்ச்சிப் பொறி கட்டியிருக்க வேண்டும். புழு விழுந்து உதிர்ந்த பழத்தைப் பொறுக்கிப் புதைக்க வேண்டும். பொறியும் இல்லை, உதிர்ந்த பழமும் கீழேயே கிடக்கிறது என்றால் உங்கள் கடையில் வாங்கிய பழத்தை வாடிக்கையாளர் அறுக்கும்போது புழு நெளியும். "இயற்கைன்னா புழு இருக்கத்தான் செய்யும்" என்று சமாளிப்பது நம் தொழிலுக்கு அழகல்ல.

பழுக்க வைப்பதையும் பேசிக்கொள்ளுங்கள். உரமே போடாத மாங்காயை மண்டியில் கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைத்தால் அவ்வளவு பாடும் வீண். கார்பைடு வாயுவால் பழுக்க வைத்த பழத்தை விற்பது உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி குற்றம். எத்திலீன் வாயுவை அறையில் பத்து லட்சத்துக்கு 100 பங்கு அளவு வரை பயன்படுத்த அனுமதி உண்டு. காயைத் திரவத்தில் முக்கி எடுப்பதற்கு அல்ல.

இனி விலை. சிநேகம் முறிவது பெரும்பாலும் விலையால் அல்ல, கழிவால். இந்தப் பழம் ஒரே சைசில் இராது. தோலில் புள்ளி இருக்கும். கொய்யா நாலு நாளைக்கு மேல் நிற்காது. 100 கிலோ எடுத்தால் வாடிக்கையாளர் பொறுக்கிய பிறகு மீதி நிற்பது யார் கணக்கு? தோட்டத்திலேயே இரண்டு தரமாகப் பிரித்து, செங்காயாகப் பறித்து, இரண்டுக்கும் தனித்தனி விலை பேசி, எடை போட்டுச் சீட்டு எழுதிவிட்டால் சச்சரவு இல்லை. குடும்பத்தார் தங்கள் கூலியைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அது தெரிந்துதானே என்று மண்டி விலைக்கே கேட்பது நியாயமாகாது. வீட்டுக்கென்று அவர்கள் தரும் பழத்தை வாங்கிக்கொள்ளுங்கள்; கடைக்குப் போகும் பழத்துக்கு, வேண்டாம் என்றாலும் பணம் கொடுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? இயற்கை உணவுக்கான மத்திய விதிமுறைகள் 2017-இல் அறிவிக்கப்பட்டு 2018 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்தன. விளைவித்தவரே நுகர்வோருக்கு நேரடியாக விற்றால் சான்றிதழ் கட்டாயமில்லை. அதாவது, நண்பர் சாலையோரத்தில் கூடை வைத்து "மருந்தடிக்காத கொய்யா" என்று விற்கலாம். அதே பழம் நம் கடை வழியாகப் போகும்போது நிலைமை வேறு. "ஆர்கானிக்" என்று சொல்லச் சான்று தேவை. மற்ற பழத்தோடு கலக்காமல் தனியாக அடுக்கவும் வேண்டும். சிறு உற்பத்தியாளர்களுக்கு இடையிடையே தளர்வுகள் அறிவிக்கப்பட்டதுண்டு. ஆகவே பலகை எழுதுமுன் உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் இன்றைய நிலையைக் கேட்டுக்கொள்வது நல்லது.

சான்றுக்கு இரு வழிகள். ஒன்று, கோவையைத் தலைமையிடமாகக் கொண்ட அரசின் அங்ககச் சான்றளிப்புத் துறை மூலம் பெறுவது; 2007-இல் தொடங்கிய ஏற்பாடு. பழமரங்களுக்குப் பொதுவாக 3 ஆண்டு மாறுதல் காலம் உண்டு. ஆய்வாளர் வருவார், பதிவேடு எழுத வேண்டும். இரண்டாவது, 'பி.ஜி.எஸ்.' எனும் பங்கேற்பு உத்தரவாத முறை. குறைந்தது ஐந்து விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒருவர் தோட்டத்தை மற்றவர் சோதித்து உறுதி சொல்வது. மாறுதல் காலத்தில் 'பசுமை'ச் சான்றும், அது முடிந்தபின் முழுச் சான்றும் கிடைக்கும். செலவு குறைவு, உள்ளூர் விற்பனைக்கு ஏற்றது. நம் நண்பர் போன்ற சிறு குடும்பங்களுக்கு இதுவே தோது என்பது என் கருத்து. ஐந்து பேரைச் சேர்ப்பதுதான் கஷ்டம். அதற்கு வாங்குகிற நாம், "சேர்ந்தால் சரக்கை எடுத்துக்கொள்கிறோம்" என்று வாக்குக் கொடுத்தால் காரியம் நடக்கும்.

சான்று வரும் வரை "குஜிலியம்பாறைத் தோட்டத்துக் கொய்யா, பறித்த நாள் இன்னது" என்று மட்டும் எழுதி விற்கலாம். சான்று வந்ததும் அதன் நகல் ஒன்றைக் கடையில் வைத்துக்கொள்ளுங்கள். அதில் பயிரின் பெயர், நிலப் பரப்பு, செல்லுபடியாகும் தேதி மூன்றையும் சரிபாருங்கள். கொய்யாவுக்கு வாங்கிய சான்றைக் காட்டி மாம்பழம் விற்க முடியாது. தேதி முடிந்த சான்று இருந்தும் இல்லாதது போலத்தான்.