பட்டி மண் உரமாகப் போனால்

வேம்பக்கோட்டைப் பக்கம் பஸ்ஸில் போகிறவர்கள் பார்த்திருப்பார்கள்: தரிசுக்கு நடுவே கம்பிவேலி, அதற்குள் தள்ளித் தள்ளிச் சின்ன அறைகள். ஒன்று வெடித்தால் அடுத்தது தப்ப வேண்டும், அதற்குத்தான் அந்த இடைவெளி. பட்டாசு ஆலைக்கு நிறைய நிலம் வேண்டும், ஆள் குடியில்லாத நிலமாகவும் வேண்டும். ஆடு மாடு மேய்ந்ததும் இதே மாதிரித் தரிசில்தான்.

அதே வட்டாரத்து விஜயகரிசல்குளம் மேட்டுக்காட்டில் 2022 மார்ச்சில் தமிழகத் தொல்லியல் துறை தோண்டத் தொடங்கியது. சங்கு வளையல், பாசிமணி, சுடுமண் பொம்மை, நுண்கற்கருவி என்று ஆயிரக்கணக்கில் வந்தன. வைப்பாற்றங்கரையில் ஊன்றி வாழ்ந்தவர்கள் விட்டுப்போன மேடு அது. கண்ணுக்குத் தெரிந்தது, தப்பித்தது. மந்தை ஓட்டித் திரிந்தவர்கள் மேடு எதையும் விட்டுப் போவதில்லை. மந்தையை நடத்தும் கீதாரி கிடையைக் கிளப்பிக்கொண்டு போன பிறகு அங்கே என்ன இருக்கும்? புழுக்கை, கொஞ்சம் சாம்பல், முள் அடைத்த தடம். மாடு அடைக்கும் மலையடிவாரப் பட்டியில் கல் அடுக்கியிருந்தால் முழங்கால் உயரத்துக்கு ஒரு சரிந்த வரிசை. அவ்வளவுதான்.

ஸ்ரீவில்லிபுத்தூர் மலைக்கு அந்தப் பக்கம், தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில், 2006-ல் தமிழ்ப் பிராமி எழுத்துள்ள நடுகற்கள் கிடைத்தன. இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் பழையவை. ஒன்றில் ‘ஆகோள்’ என்ற சொல் இருக்கிறது: மாடு கவரும் பூசல். செத்தவன் கல்லில் இருக்கிறான். மாடு அடைத்த பட்டி இல்லை.

பட்டிக்குச் சாட்சி மண்தான். தலைமுறை தலைமுறையாகச் சாணமும் மூத்திரமும் ஊறிய இடத்தில் பாஸ்பரஸ் ஏறிக் கிடக்கும். நூற்றாண்டுகள் போனாலும் எளிதில் இறங்காது. ஆடு மாட்டின் குடலில் உருவாகும் நுண்ணிய சுண்ணாம்பு உருண்டைகளைச் சில மண்ணில் நுண்ணோக்கி வைத்துப் பார்த்துவிடலாம். கென்யாவில் மூவாயிரம் ஆண்டுக்கு முந்தைய தொழுவங்கள் இன்றும் புல் செழித்த திட்டுகளாகச் செயற்கைக்கோள் படத்தில் தெரிகின்றன. பழைய மகபூப்நகர் மாவட்டத்து உட்னூர் சாம்பல்மேட்டை 1957-ல் தொல்லியலாளர் ஆல்சின் தோண்டியபோது, எரிந்த சாண அடுக்குகளுக்கிடையே மாட்டுக் குளம்புத் தடமே பதிந்திருந்தது. மரக்கம்பு நட்டு அடைத்த தொழுவத்தின் குழிகளும் கிடைத்தன.

ஆபத்தும் இதே மண்ணில்தான். நல்ல பட்டி மண் நல்ல உரம். தொல்லியலுக்குச் சாட்சி எதுவோ, அதுவே சம்சாரிக்கு எரு. தக்காணத்துச் சாம்பல்மேடுகள் பல இப்படித்தான் வயலுக்குப் போய்க் கரைந்தன. கல்லுக்கும் வரப்பில் வேலை இருக்கிறது. யாரையும் குற்றம் சொல்ல முடியாது; அது இன்னதென்று யாரும் அவர்களிடம் சொல்லவில்லை.

மலையில் வேறு கதை. ஸ்ரீவில்லிபுத்தூர் மலை 1988-லேயே சாம்பல் நிற அணில் சரணாலயம். 2021-ல் மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகம் ஆனது. 2022 மார்ச்சில் உயர்நீதிமன்றம் காடுகளில் மேய்ச்சலுக்குத் தடை போட்டது. சில நாளில் அதைச் சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் என்று சுருக்கியது. தடை சரியா என்பது தனி வழக்கு. மலைமாடு ஏறாவிட்டால் தடம் மூடும், பழைய பட்டி புதருக்குள் போகும். ஒரு விதத்தில் அது பாதுகாப்புதான். ஆனால் இடம் காட்டத் தெரிந்த ஆள் போய்விட்டால், பின்னால் எந்தப் புதரை விலக்கிப் பார்ப்பது?

இந்த இடங்களைக் குறித்து வைக்கச் செலவு அதிகமில்லை. வனக்காப்பாளர் ஒருவர், பழைய கீதாரி ஒருவர், இடம் குறிக்க ஒரு கைப்பேசி, பட்டிக்கு உள்ளேயும் வெளியேயும் ஒரு பிடி மண். அடிவாரத் தரிசிலும் அப்படியே. அங்கே வேலி போடுவதற்கு முன்னால், ஜேசிபி இறங்குவதற்கு முன்னால். சிறுவயதில் மாட்டோடு மலையில் தங்கியவர்களுக்கு இப்போது மூட்டுவலி. இன்னும் எத்தனை கோடைக்கு அவர்களால் ஏறிக் காட்ட முடியும்?