இயங்குதளமும் இலக்கண மாணவரும்

முன்னுரை

ஏரி குளங்களை நம்பி வாழும் மாவட்டம் நம் புதுக்கோட்டை. மழைக்காலத்திற்கு முன் ஊரார் ஒன்றுகூடி, வரத்துவாய்க்காலைத் தூர்வாரிக் கரையைப் பலப்படுத்திக் கண்மாயைக் காத்துவந்த வழக்கத்தை நம் முன்னோர் குடிமராமத்து என்றனர். கண்மாய் தனி ஒருவருக்கு உரியதன்று. அதன் நீரோ அனைவருக்கும் பயன்படுவது. பலர் கூடிச் செய்து பலரும் பயன்கொள்ளும் இத்தகைய பொதுப்பணி இன்று கணினி உலகிலும் நடைபெற்று வருகிறது. அப்பணியில் தமிழ் பயிலும் மாணவர்க்குரிய இடம் யாது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திறந்த மூல இயங்குதளம்

கணினியின் உறுப்புகளையும் அதில் நாம் பயன்படுத்தும் மென்பொருள்களையும் இணைத்து நடத்துவது இயங்குதளம் ஆகும். விண்டோஸ் போன்றவற்றின் மூலநிரல் அவற்றை உருவாக்கிய நிறுவனத்தின் காப்பில் இருப்பது. பிறர் அதனைத் திருத்த இயலாது. இதற்கு மாறாக, மூலநிரலைப் படிக்கவும் திருத்தவும் பிறர்க்கு வழங்கவும் எவர்க்கும் உரிமை தருவன திறந்த மூல இயங்குதளங்கள்.

1983இல் அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் இந்நோக்குடன் குனு திட்டத்தை அறிவித்தார். 1991இல் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ், தம் 21ஆம் வயதில், இயங்குதளத்தின் கருப்பகுதியாகிய லினக்ஸை வெளியிட்டார். இவ்விரு முயற்சிகளும் இணைந்ததால் முழுமையான இயங்குதளம் உருவாயிற்று. 1993இல் இயான் மர்டாக் தொடங்கிய டெபியன் என்னும் வடிவம் இன்றுவரை உலகெங்கும் உள்ள தன்னார்வலர்களால் பேணப்பட்டு வருகிறது. நம் கைகளில் உள்ள ஆண்ட்ராய்டு பேசிகளும் லினக்ஸ் கருவின்மீதே இயங்குகின்றன என்பது நினைக்கத்தக்கது.

தமிழ் நுழைந்த வரலாறு

1991இல் வெளிவந்த யூனிகோடு குறியீட்டு முறையில் தமிழுக்கும் இடம் ஒதுக்கப்பட்டது. இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில், தமிழகத்திலும் அயல்நாடுகளிலும் வாழ்ந்த தமிழர் சிலர், லினக்ஸ் தளங்களின் முகப்புகளாகிய கேடீஈ, குனோம் ஆகியவற்றைத் தம் ஓய்வு நேரத்தில் தமிழாக்கத் தொடங்கினர். டெபியனை நிறுவும்போது தோன்றும் மொழிப்பட்டியலிலும் தமிழ் இடம்பெற்றது. சென்னையில் உள்ள சி-டாக் நிறுவனம், டெபியனை அடிப்படையாகக் கொண்டு போஸ் என்னும் இந்திய இயங்குதளத்தை உருவாக்கியது. 2011இல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸுடன் போஸும் மாணவர்களைச் சென்றடைந்தது. 2012 சனவரி முதல் 'கணியம்' மின்னிதழ் கட்டற்ற மென்பொருள் பற்றிய கட்டுரைகளைத் தமிழில் வழங்கி வருகிறது.

இலக்கணத்தின் தேவை

இயங்குதளத்தைத் தமிழாக்குவோர்க்குக் கிடைப்பது ஒரு கோப்பு. அதில் ஆங்கிலத் தொடர் ஒரு வரியிலும் தமிழ்த் தொடருக்குரிய வெற்றிடம் அடுத்த வரியிலும் இருக்கும். நிரல் எழுதத் தெரியாதவரும் இதனை நிரப்பலாம். தமிழ் அறியாதவர் நிரப்ப இயலாது.

சான்றாக, ஒரு கோப்பை நீக்கவா எனக் கணினி வினவுவதாகக் கொள்வோம். கோப்பின் பெயரைக் கணினி தானே இட்டுக்கொள்ளும். மொழிபெயர்ப்பாளர் அதன் இடத்தை மட்டும் குறித்தல் வேண்டும். பெயரை அடுத்து 'ஐ' உருபை எழுதிவிட்டால் 'படம்ஐ', 'கணக்குஐ', 'மழைஐ' எனத் திரையில் தோன்றும். 'படம்' என்பது அத்துச்சாரியை பெற்றுப் 'படத்தை' ஆகும். 'கணக்கு' தன் ஈற்று உகரம் கெட்டுக் 'கணக்கை' ஆகும். 'மழை' யகர உடம்படுமெய் பெற்று 'மழையை' ஆகும். இவ்விதிகள் கணினிக்குக் கற்பிக்கப்படவில்லை. ஆகவே '……… என்னும் கோப்பை நீக்கவா?' என எழுதினால் எப்பெயர் வந்தாலும் தொடர் வழுவின்றி அமையும். நன்னூல் கற்ற மாணவர் இதனை நொடியில் உணர்வார்.

சொல்லின் வரிசையும் இவ்வாறே. 'பேஜ் 3 ஆஃப் 10' என்பது தமிழில் '10 பக்கங்களில் 3ஆம் பக்கம்' என எண்கள் இடம்மாறி அமைதல் வேண்டும். மரியாதையும் நோக்கத்தக்கது. மனிதர் கணினியை ஏவுமிடத்துச் 'சேமி', 'அழி' என்னும் ஒருமை ஏவல் பொருந்தும். கணினி மனிதரை வேண்டுமிடத்துக் 'காத்திருக்கவும்' என்றல் முறை. 'ஓபன்' என்னும் ஒரே சொல் ஓரிடத்தில் 'திற' எனவும் பிறிதோரிடத்தில் 'திறந்துள்ளது' எனவும் பொருள்படும். இன்று இயந்திர மொழிபெயர்ப்பு வளர்ந்துள்ளபோதும், சூழலின்றி வரும் இத்தகைய சிறு தொடர்களில் அது இடறுதல் இயல்பு. சரிபார்ப்போர் தேவை குறையவில்லை.

சொல்தேர்வு

'காப்பி' என்பதற்குத் திரையில் 'நகலெடு' என எழுதுகிறோம். 'நகல்' அரபு மூலத்துச் சொல். 'கேன்சல்' என்பதற்குச் சிலர் 'ரத்து செய்' என்பர். 'ரத்து' என்பதும் அரபு மூலமுடையதே. வேறு சிலர் 'கைவிடு' அல்லது 'விலக்கு' என்பதை விரும்புவர். எது சிறந்தது எனத் தனி ஒருவர் முடிவுசெய்தல் ஆகாது. மக்கள் வழக்கு, சொல்லின் சுருக்கம், முழுத்தளத்திலும் ஒரே சொல்லாட்சி ஆகிய மூன்றையும் எண்ணிக் கூடிப்பேசி முடிவு காணல் வேண்டும். கடினமான சொற்களால் அமைந்த தமிழ்த் திரையைக் கண்டு மாணவர் ஆங்கிலத்திற்கே திரும்பிவிடுவர். அதனைத் தடுக்க வல்லது நல்ல தமிழே.

தூர்ந்துபோகும் பணி

ஒருமுறை வாரிய கண்மாய் என்றும் ஆழமாயிராது. குனோம் ஆண்டுக்கு இருமுறை புதிய பதிப்பாக வெளிவருகிறது. ஒவ்வொரு பதிப்பிலும் புதிய தொடர்கள் சேர்கின்றன. மொழிபெயர்க்க ஆளில்லையெனில் அவ்விடங்களில் ஆங்கிலமே தோன்றும். தன்னார்வலர் ஒருவர் பணிச்சுமையாலோ முதுமையாலோ விலகினால் அவருடைய பணி அங்கேயே நின்றுவிடுகிறது. பின்னர்ப் பாதி தமிழும் பாதி ஆங்கிலமுமாகத் திரை காட்சி தருகிறது. ஒரு சிலரது ஆர்வத்தை மட்டும் நம்பியிருப்பதே இப்பணியின் பெருங்குறையாகும். ஆண்டுதோறும் புதிய மாணவரைப் பெறும் தமிழ்த்துறைகளே இக்குறையைத் தீர்க்க வல்லன.

மாணவர் செய்யத்தக்கன

முதலாவது, தமிழ் முகப்பைப் பயன்படுத்திப் பார்த்துப் பிழைகளை உரிய குழுவிற்கு அறிவித்தல். இரண்டாவது, போஎடிட் போன்ற இலவசக் கருவிகளின் துணையுடன் மொழிபெயர்த்தல். மூன்றாவது, பிறர் மொழிபெயர்த்ததைச் சரிபார்த்தல். நான்காவது, பயன்படுத்தும் முறையை எளிய தமிழில் எழுதுதல். கணினி அறிவியல் மாணவர் நிரல் திருத்தத்திலும் ஈடுபடலாம். பழைய கணினி ஒன்றும் இணைய இணைப்பும் போதுமானவை.

'இதனால் மாணவர்க்கு வருவாய் உண்டா?' எனப் பெற்றோர் வினவுதல் இயல்பே. உடனடி வருவாய் இல்லை. ஆயினும் மொழிபெயர்த்தவர் பெயர் அக்கோப்பிலேயே பதிவாகிறது. எவரும் திறந்து பார்க்கத்தக்க அச்சான்று, வேலை தேடுங்காலத்தில் துணைசெய்யும். படிப்பிற்கு இடையூறின்றி வாரம் இரண்டு மணிநேரம் ஒதுக்கினாலே போதும்.

நிறைவுரை

1991இல் இம்மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, ஊதியம் பெறாத தொண்டர்கள் ஊர்தோறும் சென்று எழுத்தறிவித்தனர். கல்லுடைக்கும் பெண்களும் எழுதப் படிக்கக் கற்றனர். பெண்கள் பல்லாயிரவர் மிதிவண்டி ஓட்டவும் பழகினர். அன்று பலகையில் எழுத்தைக் கண்டவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று திரையைக் காண்கின்றனர். அத்திரையில் அவர்தம் தாய்மொழி பிழையின்றித் தோன்றச் செய்வது தமிழ் கற்றோர் கடமையாகும். நம் துறை மாணவர்கள் ஆண்டுக்கு ஒரு மென்பொருளையேனும் ஏற்றுத் தமிழாக்கி, அடுத்த ஆண்டு மாணவரிடம் அப்பொறுப்பை ஒப்படைப்பார்களாயின், இக்கண்மாய் தூர்ந்துபோகாது எனலாம்.