காயும் நாளையும் கணக்கில் எழுதுவோம்

(நான்காம் ஆண்டு மாணவன், சுடுமண் கலைப்பிரிவு)

விடுமுறைக்கு ஊருக்குச் செல்லும்போதெல்லாம் என் தாய்மாமன் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "ஏன்டா மாப்ளே, படம் போடத்தான் உனக்குச் சின்ன வயசிலேயே தெரியுமே, அதைப் படிக்க எதுக்கு நாலு வருஷம்?" என்பார். திண்ணையில் அமர்ந்திருப்போர் சிரிப்பார்கள். நானும் சிரித்து மழுப்பிவிடுவேன். உண்மையில் முதல் இரண்டாண்டுகளும் என்னிடம் அதற்கு விடை இல்லை. விடை கிடைத்தது மூன்றாம் ஆண்டில்தான். அதுவும் ஒரு சூளையின் வாயிலில், உடைந்த ஓடுகளின் நடுவில்.

இளங்கவின்கலைப் பட்டம் நான்கு ஆண்டுகள், எட்டுப் பருவங்கள் கொண்டது. இந்த எட்டுப் பருவங்களையும் ஒரு மாணவன் எவ்வாறு திட்டமிட்டுக்கொள்ளலாம் என்பதை என் அனுபவத்தைக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். பாடத்திட்டத்தை வகுத்துத் தருவது பல்கலைக்கழகம். அதை நடத்துவோர் நம் ஆசிரியப் பெருமக்கள். ஆயினும் அந்தத் திட்டத்துக்குள் நம் நாட்களை வகுத்துக்கொள்ள வேண்டியவர்கள் நாம் அல்லவா?

அடிப்படை ஆண்டு எதற்கு?

முதலாண்டில் அனைவருக்கும் பொதுவான அடிப்படைப் பயிற்சி தரப்படுகிறது. கோட்டோவியம், வண்ணம், வடிவமைப்பு, களிமண் உருவம், அச்சுப் பதிப்பு, கலை வரலாறு எனப் பலவும் அதில் அடங்கும். "நான் ஓவியனாக வந்தவன், எனக்கு எதற்கு மண் பிசையும் வேலை?" என்று அந்த ஆண்டில் முணுமுணுக்காதவர் நம்மில் மிகச் சிலரே. நானும் முணுமுணுத்தவன்தான்.

இந்த ஏற்பாடு காரணமின்றி வந்ததன்று. ஜெர்மனியின் வைமர் நகரில் 1919-இல் வால்ட்டர் குரோப்பியஸ் தொடங்கிய பௌஹவுஸ் பள்ளியில், ஜொஹான்னஸ் இட்டென் என்னும் ஆசிரியர் ஆறு மாத முன்பயிற்சி ஒன்றை வகுத்தார். மரம், உலோகம், கண்ணாடி, மண், நூல் ஆகியவற்றை மாணவர்கள் தம் கையால் தொட்டு, எந்தப் பொருளோடு தம் கை இணங்குகிறது என்று கண்ட பின்னரே தொழிற்கூடத்துக்குச் செல்வார்கள். பின்னர் அங்கே ஆசிரியரான ஜோசப் ஆல்பர்ஸ் வெறும் தாளைக் கொடுத்து, வெட்டியும் மடித்தும் அதன் வலிமையைக் கண்டறியச் சொன்னார். அதே 1919-இல் சாந்திநிகேதனில் கலாபவனம் தோன்றியது. அங்கே நந்தலால் போஸ் மாணவர்களை அறைக்குள் அடைத்து வைக்காமல் மரத்தடிக்கும் வயல்வெளிக்கும் அழைத்துச் சென்று வரையச் செய்தார்.

நம் தமிழகத்திலும் இதற்கு வேர் உண்டு. 1850-இல் அலெக்சாந்தர் ஹண்டர் என்னும் மருத்துவர் சென்னையில் தொடங்கி, 1852-இல் அரசின் பொறுப்புக்கு வந்த கலைப்பள்ளி, ஓவியத்தோடு கைத்தொழில்களையும் கற்பித்தது. அப்பள்ளியின் முதல்வராக விளங்கிய கே.சி.எஸ். பணிக்கர் 1966-இல் தம் மாணவர்களோடு சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை உருவாக்கினார். அங்கே குடியேறிய ஓவியர்கள் ஓவியம் விற்காத நாளில் பாத்திக் துணியும் பிற கைவினைப் பொருள்களும் செய்து விற்றுத்தான் அடுப்பு மூட்டினார்கள். பல பொருள்களைப் பழகிய கை பட்டினி கிடப்பதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

எனவே முதலாண்டு மாணவர்களுக்கு நான் சொல்வது இதுவே. ஒவ்வொரு பயிற்சி முடிந்ததும் குறிப்பேட்டில் இரண்டு வரி எழுதி வையுங்கள்: "இந்த வேலையில் எனக்கு நேரம் போனதே தெரியவில்லை" என்றோ, "எப்போது மணியடிக்கும் என்று காத்திருந்தேன்" என்றோ உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். ஆண்டின் முடிவில் துறையைத் தேர்ந்தெடுக்கும்போது நண்பன் எங்கே சேர்கிறான் என்று பார்க்க வேண்டியதில்லை; அந்தக் குறிப்பேட்டைப் பார்த்தால் போதும்.

பொருளுக்கென்று ஒரு நாட்காட்டி

கல்லூரியின் நாட்காட்டியில் தேர்வு நாளும் விடுமுறை நாளும் அச்சிடப்பட்டுள்ளன. ஆனால் நாம் கையாளும் பொருள்களுக்கும் தனித்தனி நாட்காட்டி உண்டு. அது எங்கும் அச்சிடப்படவில்லை.

நீர்வண்ணம் சில நிமிடங்களில் காய்ந்துவிடும். தைல வண்ணம் அப்படியன்று. அதிலுள்ள ஆளிவிதை எண்ணெய், தண்ணீரைப் போல ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலுள்ள உயிர்வளியை ஏற்று மெல்ல இறுகுகிறது. அம்பர் போன்ற மண்நிற வண்ணங்கள் ஓரிரு நாளில் கையில் ஒட்டாத நிலைக்கு வரும். டைட்டானியம் வெள்ளைக்கு ஒரு வாரம்கூட ஆகலாம். அடிப்பூச்சில் எண்ணெய் குறைவாகவும் மேற்பூச்சில் மிகுதியாகவும் இருத்தல் வேண்டும். அவசரத்தில் இதை மாற்றிச் செய்தால் ஓவியம் பின்னாளில் வெடிக்கும்.

கல்விச் சுற்றுலாவில் சுவாமிமலைக்குச் சென்றபோது, ஸ்தபதிகள் தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருவம் செய்து, அதன்மேல் காவிரியின் மெல்லிய வண்டல் மண்ணைப் பூசி நிழலில் உலர்த்துவதைக் கண்டோம். அது உலர்ந்த பின்னரே அடுத்த பூச்சு; அதுவும் உலர்ந்த பின்னரே அதற்கடுத்தது. பிறகுதான் மெழுகை உருக்கி வெளியேற்றி உலோகத்தை ஊற்றுகிறார்கள். "வெயிலில் வைத்தால் சீக்கிரம் காயுமே, ஐயா?" என்று எங்களில் ஒருவன் கேட்டான். "காயும் தம்பி, கூடவே வெடிப்பும் விடும்" என்றார் அந்தப் பெரியவர். அன்று அனைவரும் சிரித்தோம். அந்தச் சொல் எனக்கும் உரியது என்று நான் அப்போது உணரவில்லை.

நான் செய்த பிழை

ஐந்தாம் பருவத்தில் ஒரு புடைப்புச் சிற்பம் செய்து சுட்டு ஒப்படைக்க வேண்டியிருந்தது. பருவத்தின் முதற்பாதியை நான் பேச்சிலும் தேநீர்க் கடையிலும் கழித்தேன். எஞ்சிய நாட்களில் இரவு பகலாக உழைத்து, மூன்று விரற்கடை தடிமனில் ஒரு பலகையை முடித்தேன். மேலே தொட்டால் உலர்ந்திருந்தது. உள்ளே ஈரம் இருப்பதை நான் அறிவேன். ஆசிரியரும், "தம்பி, மண் உன் தேதிக்குக் காயாது, அடுத்த சூளையில் வைக்கலாம்" என்றார். அடுத்த சூளை ஒப்படைப்பு நாளுக்குப் பின்னரே மூட்டப்படும். "நன்றாகக் காய்ந்துவிட்டது, ஐயா" என்று பொய் சொல்லி வைத்துவிட்டேன்.

மண்ணுக்குள் அடைபட்ட நீர் 100 பாகை வெப்பத்தில் நீராவியாகிறது. வெளியேற வழியில்லாத நீராவி மண்ணைப் பிளந்துகொண்டு வரும். அன்று நடந்தது அதுவே. மறுநாள் சூளையைத் திறந்தபோது என் பலகை சிறு துண்டுகளாகச் சிதறிக் கிடந்தது. அது மட்டுமா? அதே தட்டில் இருந்த என் வகுப்புத் தோழியின் நான்கு சாடிகளையும் அது உடைத்திருந்தது. அவள் பருவத் தொடக்கத்திலிருந்து ஒழுங்காகச் செய்து, முறையாக உலர்த்தி, எனக்கு முன்பே சூளைக்குத் தந்தவை அவை.

அவள் என்னைத் திட்டவில்லை. ஒரு வாளியை எடுத்து வந்து ஓடுகளைப் பொறுக்கினாள். நான் குனிந்தபோது, "நீ இதைப் பொறுக்க வேண்டாம், எனக்கு மண் மிதித்துக் கொடு" என்று மட்டும் சொன்னாள். பத்து நாள் மண் மிதித்துக் கொடுத்தேன். ஆசிரியர் அவளுக்குக் கால நீட்டிப்பு அளித்தும் இரண்டு சாடிகளையே அவளால் திரும்பச் செய்ய முடிந்தது. அவளுடைய மதிப்பெண் குறைந்தது. குறைந்ததற்குக் காரணம் நான் என்று மதிப்பெண் பட்டியலில் எங்கும் எழுதப்படவில்லை.

ஊருக்குச் சென்று தந்தையாரிடம் இதைச் சொன்னேன். அவர் தச்சுத் தொழில் செய்பவர். "பச்சை மரத்துல கதவு செஞ்சு மாட்டினா, கோடையில இடுக்கு விழும். அந்த வீட்டுக்காரன்தான் நம்மளால கஷ்டப்படுவான்" என்றார். என் நான்கு ஆண்டுப் படிப்பு எதற்கு என்பது அன்று விளங்கியது. படம் போடத் தெரிந்தால் மட்டும் போதாது. பொருளின் காலத்துக்குக் கட்டுப்படத் தெரிய வேண்டும். கூடம் பலருக்கும் பொது. ஒருவனின் அவசரம் இன்னொருவரின் உழைப்பை அழித்துவிடும்.

பின்னிருந்து எண்ணுதல்

அதன்பின் நான் கைக்கொண்ட முறை மிக எளியது. ஒப்படைப்பு நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுவது. கிளேஸ் பூசிச் சுடுவதற்கும் சூளை ஆறுவதற்கும் 3 நாள். அதற்கு முந்தைய முதற்சூட்டுக்கு 3 நாள். சூளை பொதுவானது ஆதலால் முறைக்குக் காத்திருக்க 7 நாள். நிழலில் உலர 14 நாள். மண்ணில் செய்ய 7 நாள். வரைந்து திட்டமிட 7 நாள். கூட்டிப் பாருங்கள், 41 நாள் ஆகிறது. ஒரு பருவத்தின் வேலை நாட்கள் ஏறக்குறைய 90. எனவே பாதிப் பருவம் கழிந்த பின் தொடங்குபவனுக்கு மிஞ்சும் நாள் மிகச் சிலவே என்பது வெளிப்படை. மழைக்காலமாயின் உலரும் நாள் இன்னும் கூடும்.

ஓவியப் பிரிவினர் பூச்சுகளின் எண்ணிக்கையைக் கொண்டும், அச்சுப் பிரிவினர் அச்சு எந்திரத்தின் முறைநாளைக் கொண்டும் இவ்வாறே கணக்கிடலாம். ஒரு பொருள் காயும் நாளில் நாம் சும்மா இருக்க வேண்டுவதில்லை. அந்நாட்கள் அடுத்த வேலையின் கோட்டுப்படத்துக்கு உரியவை. பணக் கணக்கும் இத்துடன் சேர வேண்டும். உதவித்தொகை வரும் மாதத்தை நம்பி வண்ணம் வாங்கக் காத்திருந்து ஏமாந்தவர் நம்மிடையே பலர். பருவத் தொடக்கத்திலேயே தேவையானவற்றை எழுதி, நால்வர் கூடி மொத்தமாக வாங்கினால் செலவு குறையும்.

எழுத்துத் தாளும் அன்றாடக் கோடும்

கலை வரலாற்றைத் தேர்வுக்கு முந்திய வாரத்துக்கு ஒத்திவைப்பது நம் வழக்கம். அதையும் செய்முறையோடு இணைக்கலாம். புடைப்புச் சிற்பம் செய்யும் பருவத்தில் மாமல்லபுரத்து அர்ச்சுனன் தபசுப் பாறையின் முன் ஒரு நாள் அமர்ந்து வரைந்தால், பல்லவர் கலை பற்றிய வினாவுக்கு விடையும் கைவசமாகும். உருவச் சிற்பம் பயிலும்போது எழும்பூர் அருங்காட்சியகத்தின் சோழர் செப்புத் திருமேனிகளை வரையலாம்.

எந்தத் துறையாயினும் நாள்தோறும் ஒரு கோட்டோவியம் வரைவது நல்லது. ஆண்டுக்கு 300 நாள் என்று கொண்டாலும் நான்கு ஆண்டில் 1200 படங்கள் சேரும். பேருந்து நிலையம், காய்கறிச் சந்தை, விடுதியின் சமையற்கூடம் என நமக்கு வேண்டிய மாதிரிகள் எங்கும் உள்ளன. சுவர் இருந்தால்தான் சித்திரம் என்பார்கள். நமக்கு அந்தச் சுவர் இந்த அன்றாடக் கோடுதான். இறுதியாண்டில் தொடர் படைப்புகளுக்குக் கருப்பொருள் தேடி அலைவோர், இந்த 1200 படங்களைப் புரட்டினாலே தம் மனம் திரும்பத் திரும்ப எதை நாடியிருக்கிறது என்று கண்டுகொள்வர்.

திருவள்ளுவர் காலமறிதல் என்று ஓர் அதிகாரமே வகுத்திருக்கிறார். அது அரசர்க்கு உரியது என்று பள்ளியில் படித்தேன். மண் பிசைபவனுக்கும் உரியது என்று இங்கே கற்றேன்.

இப்பருவத்தின் என் வேலைகள் இப்போது கூடத்தின் மூன்றாம் அடுக்கில் நிழலில் உலர்ந்துகொண்டிருக்கின்றன. அருகில் அத்தோழியின் சாடிகளும் இருக்கின்றன. ஒவ்வொன்றின் கீழும் செய்த தேதியை எழுதி ஒரு சீட்டு வைத்திருக்கிறோம். அடுத்த முறை ஊருக்குச் செல்லும்போது மாமன் அதே கேள்வியைக் கேட்பார். "வரையறதுக்கு இல்லே மாமா, காயற வரைக்கும் காத்திருக்கக் கத்துக்கத்தான் நாலு வருஷம்" என்று சொல்லலாம் என்றிருக்கிறேன்.