அப்பாவுக்கு மறதியா? டெஸ்டைத் தள்ளிப் போடாதீங்க!



நீங்க சென்னையில வேலை பார்க்கிறீங்க, அப்பா மேலூர்ல இருக்கார்னு வெச்சுக்குவோம். கட்டின கரண்ட் பில்லையே திரும்பக் கட்டப் போறார், ஏடிஎம் பின் மறந்துடுறார். "வயசாயிடுச்சுல்ல"ன்னு விட்டுடாதீங்க. பணக் கணக்குல தடுமாறுவது டிமென்ஷியாவின் ஆரம்ப அறிகுறிகளில் ஒன்று.

டெஸ்ட்ல என்ன கேட்பாங்க?

மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் நரம்பியல், மனநலம் ரெண்டு பிரிவும் இருக்கு. 1975-ல் வந்த எம்எம்எஸ்இ என்ற டெஸ்ட் இன்னைக்கும் பிரபலம். மொத்தம் 30 மார்க். இன்னைக்கு என்ன தேதி, இது எந்த ஊர்னு கேட்பாங்க. மூணு வார்த்தை சொல்லி, கொஞ்ச நேரம் கழிச்சு திருப்பிக் கேட்பாங்க. 100-ல் இருந்து ஏழு ஏழா கழிக்கச் சொல்வாங்க.

மார்க் குறைஞ்சாலே நோய்னு அர்த்தம் இல்லை. அதிகம் படிக்காதவருக்கு இயல்பாவே குறையலாம். மனச்சோர்வு, தைராய்டு, பி12 குறைபாட்டாலும் மறதி வரும். அதுக்கெல்லாம் சிகிச்சை இருக்கு. அதனால ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், வீட்டார் சொல்ற விவரம் எல்லாம் சேர்த்துத்தான் டாக்டர் முடிவு செய்வார்.

சீக்கிரம் போகணும், ஏன்?

1. பவர் பத்திரம்: எழுதிக் கொடுத்தவர் மனத்தெளிவை இழந்தால், 1872 ஒப்பந்தச் சட்டம் 201-ம் பிரிவுப்படி பவர் முடிஞ்சுடும். நமக்குத் தேவைப்படும் நேரத்துல அது உதவாது!

2. நாமினி: இறப்புக்குப் பிறகுதான் வேலை செய்யும். உயிரோட இருக்கும்போது மருத்துவச் செலவுக்கு நாமினியால பணம் எடுக்க முடியாது.

3. ஜாயின்ட் அக்கவுன்ட்: அம்மா பெயரைச் சேர்த்து, "இருவரில் ஒருவர்" இயக்கலாம்னு மாத்தினா அம்மாவே பணம் எடுக்கலாம். ஆனா அப்பா புரிஞ்சு கையெழுத்துப் போடும் நிலையில இருக்கும்போதே இதைச் செய்யணும். உயிலும் அப்படித்தான்.

நோய்னு தெரிஞ்ச உடனே கையெழுத்து செல்லாதுன்னு இல்லை. அந்த நேரத்துல புரிஞ்சு போட்டாரா என்பதுதான் சட்டத்தின் கேள்வி. புரியாதவர்கிட்ட கைநாட்டு வாங்குறது மட்டும் வேண்டவே வேண்டாம்.

வரிச்சலுகை

பழைய வரி முறையில் டிமென்ஷியா சிகிச்சைச் செலவுக்கும் கழிவு உண்டு. பாதிப்பு 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று நியூராலஜிஸ்ட் சான்று தரணும். உங்களைச் சார்ந்திருக்கும் பெற்றோருக்கு 60 வயது ஆகியிருந்தா, செய்த செலவில் ரூ.1,00,000 வரை கழிக்கலாம். இன்சூரன்ஸில் வந்த தொகை அதில் குறையும். புதிய வரி முறையில் இது கிடையாது.

அடுத்த தடவை ஊருக்குப் போறப்ப அப்பாவோட பாஸ்புக்கை அவர் கூடவே உட்கார்ந்து பாருங்க. சந்தேகம் வந்தா முதல்ல டாக்டர், அப்புறம் பேங்க். கேள்விகளை கமெண்ட்ல போடுங்க!