மாட்டு ஊசியில் கடலெண்ணெய் கலக்கலாமா?

கம்மாபுரம் பக்கம் மாடு வைத்திருப்பவர்களிடம் கோமாரி ஊசி பற்றிப் பேச்செடுத்தால் முதலில் வருவது ஒரு குறை. "போட்ட எடத்துல கட்டியா நிக்குது தம்பி, ரெண்டு மூணு நாளைக்கு பாலும் கொறையுது." இதற்காகவே முகாம் நடக்கிற அன்று மாட்டைக் கொல்லைப் பக்கம் ஓட்டிவிடுகிறவர்களும் உண்டு. கோமாரிக்கு 2019-ல் தேசிய அளவில் தொடங்கிய திட்டத்தில் ஆறு மாதத்துக்கு ஒரு ஊசி. அப்படி ஒளித்து வைக்கிற மாடுகள் சேர்ந்துபோனால், அந்த ஊரில் நோய் நுழைய வழி திறந்தே இருக்கிறது என்று அர்த்தம். வாயும் குளம்பும் புண்ணாகி, தீனி எடுக்காமல், கறவை வற்றிப்போன மாட்டைப் பார்த்தவர்களுக்கு அந்த ரெண்டு நாள் பால் ஒரு பொருட்டே இல்லை. ஆனால் பார்க்காதவர்களுக்குக் கட்டிதான் கண்ணுக்குத் தெரிகிறது.

கட்டிக்குப் பெரிய காரணம் ஊசி மருந்தில் இருக்கும் எண்ணெய். அதைச் சொன்னதும் ஒரு பெரியம்மா கேட்டார்: "என்ன எண்ணெய்? கடலெண்ணெயா?" மல்லாட்டை விளைகிற ஊரில் வேறென்ன கேட்பார்கள்? (வேர்க்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்றுதான் சொல்வோம்.) கனிம எண்ணெய், அதாவது கச்சா எண்ணெயிலிருந்து சுத்தம் செய்து எடுக்கும் வெள்ளை எண்ணெய் என்று பதில் சொன்னேன். ஆனால் கேள்வி என்னவோ சரியான கேள்விதான். கடலெண்ணெயை மனிதர்களுக்கான தடுப்பூசியிலேயே கலந்து பார்த்திருக்கிறார்கள். ஓரளவு வெற்றியும் கிடைத்தது. அப்புறம் ஏன் அது காணாமல் போனது என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில், ஊசியில் எண்ணெய் எதற்கு? கொன்று சுத்தப்படுத்திய கிருமியை வெறும் தண்ணீரில் கலந்து ஊசி போட்டால் உடம்பு அதைப் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. சீக்கிரமே துடைத்தெறிந்துவிடுகிறது. "இது ஆபத்து, ஞாபகம் வைத்துக்கொள்" என்று உடம்பைத் தட்டிச் சொல்ல இன்னொரு பொருள் வேண்டும். அதைத் துணையூக்கி என்று சொல்லலாம். இதைக் கவனித்தவர் பிரான்சின் காஸ்தோன் ரமோன். தொண்டை அடைப்பான் என்று நாம் சொல்லும் டிப்தீரியாவுக்கு மருந்து எடுக்கக் குதிரைகளுக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தார். ஊசி போட்ட இடத்தில் சீழ்க்கட்டி வந்த குதிரைகள்தான் அதிக எதிர்ப்பொருளைத் தந்தன. சரி, நாமே கொஞ்சம் வீக்கம் உண்டாக்கிப் பார்ப்போமே என்று 1925 வாக்கில் மரவள்ளி மாவு, ரொட்டித் தூள் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் சேர்த்துப் பார்த்தார். வேலை செய்தது! சேலத்து ஜவ்வரிசி ஆலைக்காரர்கள் பெருமைப்பட்டுக்கொள்ளலாம். அடுத்த வருஷமே இங்கிலாந்தில் கிளென்னி அலுமினிய உப்பைக் கண்டுபிடித்தார். அது இன்றுவரை குழந்தைகளின் ஊசிகளில் இருக்கிறது.

எண்ணெய் இதைவிட வலுவானது. மாட்டுக்கு வரும் தொண்டை அடைப்பானையே எடுத்துக்கொள்ளுங்கள். (பெயர் ஒன்றுதான், டிப்தீரியாவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மழைக்காலத்தில் எருமையை ஒரே நாளில் சாய்த்துவிடும் நோய் இது.) கிருமியை வளர்த்த சாற்றையே கொன்று போட்டால் பாதுகாப்பு சில வாரங்கள்தான். படிகாரம் சேர்த்தால் நாலைந்து மாதம். எண்ணெயில் குழைத்துப் போட்டால் ஒன்பது மாதம், சில சமயம் ஒரு வருஷம் வரை நிற்கும். ஒரே கிருமிதான், கூடச் சேர்ந்த பொருள்தான் மாறியது. ஆனால் பழைய எண்ணெய் ஊசி கெட்டியாக இருக்கும், சிரிஞ்சில் ஏற மறுக்கும். தவறி டாக்டரின் விரலிலேயே குத்திக்கொண்டால் கொஞ்சூண்டு எண்ணெய்கூட விரலை வீங்கவைத்து ரத்த ஓட்டத்தை நிறுத்திவிடும், உடனே அறுவை சிகிச்சைக்கு ஓட வேண்டும். எண்ணெய் ஊசி டப்பாவில் இந்த எச்சரிக்கையைப் பெரிதாகப் போட்டிருப்பார்கள்.

எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்று தெரியும். ஆனால் ஒரு பாட்டிலில் ரெண்டையும் ஊற்றி முட்டை மஞ்சள் கரு கொஞ்சம் விட்டுக் குலுக்கினால் பால் மாதிரி ஆகி அப்படியே நிற்கும். இதுதான் பால்மம். மஞ்சள் கருவில் உள்ள லெசிதின் ஒரு கையால் எண்ணெயையும் மறு கையால் தண்ணீரையும் பிடித்துக்கொள்கிறது. இப்படிப் பிடித்துக்கொள்ளும் பொருளைப் பிணைப்பான் என்றே சொல்கிறேன். கதை கடைசியில் இவனிடம்தான் வந்து நிற்கும், அதனால் மறந்துவிடாதீர்கள்.

1916-லேயே பிரான்சில் லெ மொய்ன்யிக், பினோய் என்ற இருவர் எண்ணெயில் கலந்த கிருமியை ஊசியாகப் போட்டுப் பார்த்துவிட்டார்கள். 1930-களில் யூல்ஸ் ஃபிராயிண்ட் அதை ஒரு முறையாகவே ஆக்கினார். மருந்துத் தண்ணீரைச் சின்னச் சின்னத் துளிகளாகக் கனிம எண்ணெய்க்குள் அடைத்துவிடுவது. துளிகள் ஒவ்வொன்றாக உடைந்து மருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும், கூடவே எண்ணெய் அந்த இடத்துக்குப் பாதுகாப்பு செல்களைக் கூட்டமாக வரவழைக்கும். 1950-களில் ஜோனாஸ் சால்க் இதே முறையில் ஃபுளூ ஊசி தயாரித்து அமெரிக்க ராணுவ வீரர்களுக்குப் போட்டார். எதிர்ப்பு சக்தி அபாரம். ஆனால் சிலருக்குக் கட்டி வந்தது. ஏனென்றால் கனிம எண்ணெய் வெறும் கார்பன் சங்கிலி. அதை வெட்ட உடம்பில் கத்தி கிடையாது. வருஷக்கணக்கில் அங்கேயே கிடக்கும், அதைச் சுற்றி உடம்பு சுவர் எழுப்பும்.

தாவர எண்ணெய் அப்படியில்லை. அது கிளிசரால் என்ற கொம்பில் மூன்று கொழுப்பு அமிலங்கள் தொங்கும் ட்ரைகிளிசரைடு. அந்த இணைப்பை வெட்ட லைப்பேஸ் என்ற நொதி இருக்கிறது. நேற்று சாப்பிட்ட வடையின் எண்ணெய்க்கு நடப்பதுதான், கொஞ்சம் மெதுவாகத் தசைக்குள்ளும் நடக்கும்.

ஊசி மருந்தில் கடலெண்ணெய் புதிதும் அல்ல. 1944-ல் ரொமான்ஸ்கி பென்சிலினைக் கடலெண்ணெயிலும் தேன்மெழுகிலும் குழைத்தார். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை குத்திக்கொண்டிருந்த ஊசி நாளுக்கு ஒன்றானது. சில வருஷத்தில் மெழுகுக்குப் பதில் அலுமினியம் மோனோஸ்டியரேட் வந்தது, ஒரு ஊசி சில நாட்கள் தாங்கியது. யாஸ் என்ற தோல் நோயைப் பல நாடுகளில் வெகுவாகக் குறைக்க அந்த மருந்து உதவியது. இன்றும் ஈயம், ஆர்சனிக் விஷத்துக்குக் கொடுக்கும் டைமெர்கேப்ரால் கடலெண்ணெயில்தான் வருகிறது. மனநோய்க்கான சில நீண்டகால ஊசிகள் சாட்சாத் நல்லெண்ணெயில்.

இந்தப் பின்னணியில்தான் மெர்க் நிறுவனத்தில் மாரிஸ் ஹில்மன் குழு (பொன்னுக்கு வீங்கிக்கு நாம் இன்று போடும் ஊசி வகையைத் தந்தவர் இவர்தான்) 1964-ல் 'அட்ஜுவன்ட் 65' என்பதை வெளியிட்டது. எண்ணெய்ப் பகுதியில் 86 சதவீதம் நன்றாகச் சுத்திகரித்த கடலெண்ணெய், 10 சதவீதம் ஆர்லாசெல் ஏ என்ற பிணைப்பான், 4 சதவீதம் அதே அலுமினியம் மோனோஸ்டியரேட். ஃபுளூ ஊசியில் சேர்த்துப் போட்டால் எதிர்ப்பொருள் பல மடங்கு கூடியது, அதிக நாள் நின்றது. போட்டுக்கொண்டவர்களைப் பத்து வருஷம் தொடர்ந்து பார்த்ததில் கெடுதல் எதுவும் தென்படவில்லை என்று 1973-ல் அறிக்கையும் வந்தது.

இருந்தும் அமெரிக்காவில் அதற்கு உரிமம் கிடைக்கவே இல்லை. இடித்தது ஆர்லாசெல் ஏ. மேனிட் மோனோஓலியேட் என்று பெயர் இருந்தாலும் உண்மையில் அது பல பொருள்களின் கலவை. அதை ஊசியாகப் போட்ட சுண்டெலிகளில் புற்றுக்கட்டிகள் வந்ததாக ஆய்வுகள் வந்தன. மனிதனுக்கு அது பொருந்துமா என்ற விவாதம் முடிவதற்குள் ஆர்வம் வடிந்துவிட்டது. ஆக, ஊரார் சந்தேகப்படும் எண்ணெய் பாஸ், பத்து சதவீதம் இருந்த பிணைப்பான் ஃபெயில்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியே ஆகணும். 'தடுப்பூசியில் ரகசியமாகக் கடலெண்ணெய் கலக்கிறார்கள், அதனால்தான் பிள்ளைகளுக்குக் கடலை ஒவ்வாமை' என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி இந்த அட்ஜுவன்ட் 65-ஐப் பிடித்துக்கொண்டுதான் கிளம்பியது. இன்று புழக்கத்தில் உள்ள மனிதத் தடுப்பூசி எதிலும் கடலெண்ணெய் கிடையாது. உரிமமே வாங்காத ஒன்றை யார் கலப்பது?

அடுத்து ஜெயித்தது ஸ்குவாலீன். சுறா ஈரலில் ஏராளம், நம் உடம்பே கொலஸ்ட்ரால் செய்யும் வழியில் இதை உண்டாக்குகிறது, அதனால் கரைத்து அனுப்பவும் தெரியும். 1997-ல் இத்தாலியில் உரிமம் பெற்ற ஃபுளூ ஊசியில் எம்.எஃப்.59 என்ற பெயரில் இது வந்தது. முறை தலைகீழ்: தண்ணீருக்குள் எண்ணெய்த் துளிகள், ஒவ்வொன்றும் 160 நானோமீட்டர் அளவு. தண்ணீர் மாதிரியே ஓடும், சிரிஞ்சில் சண்டை இல்லை. ரெண்டு நாளில் பாதி போய்விடும், ஆனாலும் நன்றாக வேலை செய்கிறது. அப்படியானால் 'எண்ணெய் மருந்தைப் பிடித்து வைப்பதால்தான் பலன்' என்ற பழைய விளக்கம் பாதிதான் உண்மை. செல்களைக் கூப்பிடும் அந்த முதல் சத்தம்தான் முக்கியம்.

சரி, சுறாவை விட்டுவிட்டு அதே அளவுத் துளிகளாகச் சோயா எண்ணெயை உடைத்துப் போட்டால்? போட்டுப் பார்த்தார்கள். சோயா போன்ற ட்ரைகிளிசரைடு எண்ணெய்கள் ஸ்குவாலீனுக்குப் பின்தங்கின. எண்ணெய் என்ற பெயர் மட்டும் போதாது, மூலக்கூறும் கணக்கில் வருகிறது. இதைச் சமாளிக்க ரெண்டு வழி. ஒன்று, சீனாவில் செய்தது போலச் சோயா எண்ணெயோடு ஜின்செங் வேரின் சப்போனினைச் சேர்த்துக் கால்நடை ஊசியில் பயன்படுத்துவது. இன்னொன்று, ஸ்குவாலீனையே செடியிலிருந்து எடுப்பது. ஆலிவ் எண்ணெயில் ஒரு சதவீதத்துக்கும் கீழே இருக்கிறது. தண்டுக்கீரை இனத்துத் தானிய விதையின் எண்ணெயில் ஐந்து முதல் எட்டு சதவீதம்! ஆனால் விதையில் எண்ணெயே கொஞ்சம்தான் என்பது வேறு தொல்லை. இப்போது கரும்புச் சர்க்கரையை ஈஸ்டுக்குக் கொடுத்து அதிலிருந்து ஸ்குவாலீன் செய்யும் வழியும் வந்துவிட்டது.

மாட்டு விஷயத்தில் எனக்குக் கடலெண்ணெய் மேல் இன்னும் நம்பிக்கை இருக்கிறது. மாட்டுக்கு ஸ்குவாலீன் கட்டுப்படியாகாது. கட்டி சீக்கிரம் கரைந்தாலே பாதிப் பிரச்சினை தீரும். அதற்காகச் செக்கில் ஆட்டியதை நேரே கலந்துவிட முடியாது. செக்கெண்ணெயின் மணம், நிறம், மண்டி எல்லாமே இங்கே எதிரி. அதில் கடலையின் புரதம் இருக்கும், மழையில் நனைந்த காயாக இருந்தால் பூஞ்சையின் அஃப்ளாடாக்சின் இருக்கும், வைத்திருக்க வைத்திருக்கச் சிக்கு வாசனை வரும். அந்த வாசனைக்குக் காரணமான பெராக்சைடுகள் பக்கத்தில் இருக்கும் தடுப்பூசிப் புரதத்தையும் கெடுத்துவிடும். ஒலியிக் அமிலம் கூடினால் எண்ணெய் சீக்கிரம் சிக்கடிக்காது. சாதாரண மல்லாட்டையில் அது 40-50 சதவீதம். ஜூனாகட் நிலக்கடலை ஆராய்ச்சி மையமும் இக்ரிசாட்டும் சேர்ந்து வெளியிட்ட கிர்நார் 4, கிர்நார் 5 ரகங்களில் சுமார் 80 சதவீதம். விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையம் வி.ஆர்.ஐ. என்ற பெயரில் பல கடலை ரகங்களைக் கொடுத்திருக்கிறது. அவை பொதுவாக விளைச்சலை முன்னிட்டுத் தேர்ந்தவை. மருந்து எண்ணெய்க்கென்று ஒரு ரகம் யோசிப்பது வீண் ஆசையாக எனக்குத் தோன்றவில்லை.

மீதி இருப்பவன் அந்தப் பிணைப்பான். இங்கேதான் விருத்தாசலத்தின் இன்னொரு தொழில் ஞாபகம் வருகிறது. பீங்கான் பொம்மை வார்ப்பவர்கள் களிமண்ணைத் தண்ணீரில் கரைத்து, சோடியம் சிலிகேட் கொஞ்சம் விட்டு, பாலாடை மாதிரியான ஸ்லிப்பாக்கி அச்சில் ஊற்றுவார்கள். துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கீழே உட்காராமல் மிதப்பதில்தான் வித்தை. இதே மாதிரி நுண்துகள்கள் எண்ணெய்த் துளியைச் சுற்றி ஓடு போலப் படிந்துவிட்டால் சோப்பு மாதிரிப் பிணைப்பானே தேவையில்லை. 1903-ல் ராம்ஸ்டன், 1907-ல் பிக்கரிங் கண்டது இது. எல்லையில் ஒருமுறை உட்கார்ந்த துகளை வெறும் வெப்ப அசைவால் எளிதில் கிளப்ப முடியாது.

களிமண்ணையே ஊசியில் போட முடியாது, அது உடம்பில் கரையாது. கனிம எண்ணெய் செய்த தவறையே அதுவும் செய்யும். ஆனால் அலுமினிய உப்பு மெல்லக் கரையும், நூறு வருஷமாகப் பழகிய துணையூக்கி வேறு. 2020-ல் சீன ஆய்வாளர்கள் ஸ்குவாலீன் துளிகளின் மேல் அலுமினிய உப்புத் துகள்களைப் படியவைத்துக் கொரோனா ஊசிக்கான துணையூக்கியாக எலிகளில் சோதித்தார்கள். வெறும் அலுமினிய உப்பைவிடப் பலன் கூடியிருந்தது. அந்தத் துளிக்குள் ஸ்குவாலீனுக்குப் பதிலாக ஒலியிக் மிகுந்த கடலெண்ணெயை வைத்தால் துளி எத்தனை மாதம் உடையாமல் நிற்கும், மாட்டின் கழுத்தில் எத்தனை நாளில் கரையும் என்ற ரெண்டு அளவும் கைக்கு வந்தால் பெரியம்மாவின் கேள்விக்கு எண்ணிலேயே பதில் சொல்லலாம். முதல் அளவுக்குக் குளிர்பெட்டியும் நுண்ணோக்கியும் கொஞ்சம் பொறுமையும் போதும்.